மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே கால் போனபின்: பொய்க்காலுக்கு முன்னும் பின்னும்

தங்கச்சி, நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இது. உங்கள் கணவருக்கு 38 வயது. விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி. வலது காலை முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. எப்போது பொய்க்கால் போடலாம், திரும்ப வயலில் இறங்க ஏலுமா, ஆள் யாரோடும் கதைக்கிறாரில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழங்கால் தப்பியிருக்கிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள். முழங்காலுக்குக் கீழே கால் போனவர் பொய்க்காலோடு நடப்பதற்குச் சாதாரண நடையைவிடச் சுமார் கால்பங்கு சக்திதான் கூடுதலாகச் செலவாகும். முழங்காலுக்கு மேலே போனவருக்கு அது பாதிக்கும் மேல். சொந்த முழங்கால் முழுதாக மடங்கி முழுதாக நீளும்வரை சைக்கிள், வயல் வரப்பு, படிக்கட்டு எதுவும் கைவிட்டுப் போகவில்லை. ஒரு சாண் நீளம் பொய்க்கால் பொருத்துவதற்கு நல்ல நீளமும்கூட. ஆனால் பலர் அந்த முழங்காலை இந்த முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள்தான் இழக்கிறார்கள். வெடி விட்டுவைத்ததைத் தலையணை எடுத்துக்கொண்டுபோகிறது.

கால் வலிக்கும்போது முழங்காலின் கீழ் ஒரு தலையணையை மடித்து வைத்தால் சுகமாக இருக்கும். பார்க்க வருகிறவர்களும் அன்பாகத்தான் வைத்துவிடுவார்கள். அப்படி மடித்தபடியே கிடந்தால் பின்பக்கத் தசைநார்கள் சில கிழமைகளில் குறுகி இறுகிவிடும். 20 பாகைக்கு மேல் மடங்கி இறுகிவிட்ட முழங்காலுக்குச் சொக்கெட்டை, அதாவது எஞ்சிய கால் உட்காரும் பொய்க்காலின் கிண்ணத்தை, சரிவரப் பொருத்துவது சிரமம், பொருத்தினாலும் நொண்டிதான். ஆகவே தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார விடாதீர்கள். கதிரையில் இருக்கும்போது உட்காரும் பலகைக்குக் கீழே இன்னொரு பலகையைச் செருகி, அது முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் காலை நேராக வைக்கச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் 20 முதல் 30 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பு மடங்கி இறுகாமலிருக்க இதைவிடச் சுலபமான வழியில்லை. காயம் அழுத்துப்படாதபடி கால் முனை பாயின் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும்.

பயிற்சிக்குப் பெரிய சாமான் தேவையில்லை. மல்லாந்து படுத்து, சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைத்து, அதைக் கீழே அமுக்குவதுபோல் தொடையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தரம், ஒரு நாளைக்கு நாலு வேளை. முடிந்ததும் துவாயை எடுத்துவிடுங்கள், அதுவே தலையணையாகிவிடக் கூடாது. குப்புறப் படுத்திருக்கும்போது காலை நேராக மேலே தூக்குவது, இடப்பக்கம் சரிந்து படுத்து வலக்காலை மேலே தூக்குவது, இவையும் அதே எண்ணிக்கை. பிறகு கைகள். ஊன்றுகோலில் உடம்பைத் தூக்கப் போவது கைகள்தான். கதிரையின் கைப்பிடிகளை ஊன்றி இருக்கையிலிருந்து உடம்பை உயர்த்திப் பழகட்டும்.

காயத்தைப் பற்றி. மிதிவெடிக் காயமும் விபத்துக் காயமும் ஒன்றல்ல. பி-4 என்ற வகைச் சிறு மிதிவெடியில் உள்ள வெடிமருந்து சுமார் 30 கிராம்தான், ஆனால் அது கீழிருந்து மேலே வெடிக்கிறது. மண், புல், செருப்புத் துண்டு, பிளாஸ்டிக், பாதத்தின் சொந்த எலும்புச் சிதறல் எல்லாவற்றையும் தசை இடுக்குகளுக்குள் மேலே அடித்து ஏற்றிவிடும். வெளியே பார்க்கும்போது கணுக்காலோடு போனதாகத் தெரிந்தாலும் சத்திரசிகிச்சை நிபுணர் அதைவிட மேலே வெட்டுவது இதனால்தான். முதல் நாளே தைக்காமல் திறந்தபடி விட்டு, நாலைந்து நாள் கழித்துத் துப்புரவாக இருப்பதைப் பார்த்தபின் மூடுவதும் இதனால்தான். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிறு துகள்கள் உள்ளே தங்கலாம். மாதங்கள் கழித்து ஒரு சிறு துவாரம் விழுந்து சலம் வடிந்தால், ஆறுவதும் மறுபடி வடிவதுமாக இருந்தால், மருந்துக்கடைக் களிம்பு பூசிக் காலம் கடத்தாதீர்கள். உள்ளே துகளோ கிருமி பிடித்த எலும்போ இருக்கிறது என்று அர்த்தம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று காது. வெடியதிர்ச்சியில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். பெரிய காயத்தைக் கவனிக்கும் அவசரத்தில் அது தவறிப்போவது வழக்கம். ஆள் பதில் சொல்லாமல் இருப்பதில் கொஞ்சம் காது கேளாததும் சேர்ந்திருக்கக்கூடும். மற்றது கண். மண் துகள் பட்டு உறுத்தல், பார்வை மங்கல் இருந்தால் கண் சிகிச்சைப் பிரிவு. மற்றக் காலில் உள்ள சிறு காயங்களையும் நாளாந்தம் பாருங்கள், இனி பாதி வாழ்க்கைப் பாரம் அந்தக் காலில்தான்.

தையல் ஆறிக் காயம் முழுதாக மூடியதும், தாதியிடம் கேட்டு, கிரேப் பண்டேஜ் (இழுபடும் துணிப்பட்டி) சுற்றத் தொடங்கலாம். 4 அங்குல அகலமுள்ளது போதும். வெட்டிய நுனியில் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக, எட்டு வடிவில் சரிவாகச் சுற்றி, முழங்காலுக்கு மேல் கொண்டுபோய் முடிக்க வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றக் கூடாது. அது கயிறு கட்டியது போலாகி நுனியில் இரத்தத்தைத் தேக்கிவிடும், கால் வடிவதற்குப் பதில் குமிழ்போல வீங்கும். நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவிழ்த்துத் தோலைப் பார்த்து மறுபடி சுற்றுங்கள். துடிப்பதுபோல் வலித்தால் உடனே அவிழ்க்க வேண்டும். இரண்டு பண்டேஜ் வைத்துக்கொண்டால் ஒன்றைத் தோய்த்து நிழலில் உலர்த்தலாம். சுற்றுவதன் நோக்கம் வீக்கத்தை வடித்து, நுனியை மேலிருந்து கீழே ஒடுங்கிவரும் வடிவத்துக்குக் கொண்டுவருவது. கூடவே தினமும் உள்ளங்கையால் தட்டுதல், துவாயால் மெல்லத் தேய்த்தல், தழும்பை விரலால் அசைத்து அது எலும்போடு ஒட்டாமல் பார்த்தல். தொட்டாலே கூசுகிற தோல் சொக்கெட்டைத் தாங்காது.

எப்போது பொய்க்கால் என்ற கேள்விக்கு நாட்காட்டி பதில் சொல்லாது, அளவு நாடாதான் சொல்லும். முழங்கால் சிரட்டையின் கீழ் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே பேனையால் ஓர் அடையாளம் வையுங்கள், நுனிக்கு அருகே இன்னொன்று. கிழமைக்கு ஒருதரம் ஒரே நேரத்தில், பண்டேஜை அவிழ்த்த கையோடு, சுற்றளவை எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். முதலில் கிழமைக்குக் கிழமை குறையும். இரண்டு மூன்று கிழமை அளவு மாறாமல் நின்று, காயமும் முழுதாக ஆறியிருந்தால் சொக்கெட் செய்ய எஞ்சிய காலை அச்செடுக்கலாம். மூன்று மாதமளவில் இந்த நிலைக்கு வருகிறவர்கள் பலர். தோலை ஒட்டுப்போட்டிருந்தாலோ கிருமி பிடித்திருந்தாலோ கூடுதலாகும். வீக்கம் வடியுமுன் அவசரப்பட்டு அச்செடுத்தால், பொய்க்கால் கையில் கிடைக்கும்போதே சொக்கெட் தளர்ந்திருக்கும். அந்தக் கால் பிறகு வீட்டு மூலையில்தான் நிற்கும்.

அதுவரை ஊன்றுகோல். கக்கத்துக்கும் ஊன்றுகோலின் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். பாரம் உள்ளங்கையில், கக்கத்தில் அல்ல. கக்கத்தில் தொங்கி நடப்பவருக்கு அங்குள்ள நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் ஈரச் சீமெந்தில் வழுக்கும், மாதமொருமுறை புரட்டிப் பாருங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல் முதலில். இரவில் அரைத்தூக்கத்தில் கால் இருப்பதாக நினைத்து எழுந்து நுனியிலேயே விழுவது அடிக்கடி நடக்கிற விபத்து. ஆறிய தையல் அதில் பிரிந்துவிடும். வலப்பக்கம் இறங்க முடியாதபடி கட்டிலைச் சுவரோடு போட்டு, கைக்கெட்டும் இடத்தில் ஊன்றுகோலை வையுங்கள்.

இலங்கையின் வடக்கில் பொய்க்கால் என்றால் யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் மாற்றுவலு புனர்வாழ்வு நிலையம் 1987 முதல் இயங்கிவருகிறது. உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பி, சத்திரசிகிச்சை விவரம், நீங்கள் எழுதிய அளவுக் கொப்பி, அவர் வழக்கமாகப் போடும் செருப்புச் சோடி, அரைக் காற்சட்டை, இவை கையிலிருக்க வேண்டும். செருப்பு ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

பொய்க்காலில் மூன்று பாகம். எஞ்சிய கால் உட்காரும் சொக்கெட், நடுத்தண்டு, பாதம். இதில் சொக்கெட்தான் உயிர். பலர் நினைப்பதுபோல் வெட்டிய நுனி பாரத்தைத் தாங்குவதில்லை. முழங்கால் சிரட்டைக்குக் கீழே விரலால் அழுத்தினால் ஒரு தடித்த தசைநார் தட்டுப்படும். அதுவும் முன்னெலும்பின் உட்பக்கச் சரிவும்தான் பாரத்தை முக்கியமாக ஏற்கின்றன. முன்னெலும்பின் கூரான விளிம்பு, வெளிப்பக்கத்தில் முண்டாகத் தெரியும் சின்ன எலும்பின் தலை, வெட்டிய எலும்பின் முனை, இந்த மூன்றும் அழுத்தம் தாங்காதவை. அச்செடுக்கும்போது மைப்பென்சிலால் இந்த இடங்களைக் குறித்து, பிளாஸ்டர் உருவில் தாங்கும் இடத்தைச் செதுக்கி, தாங்காத இடத்துக்குக் கொஞ்சம் பூசி உயர்த்துவார்கள். பிறகு சூடாக்கிய பொலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் இழுத்து வடிவெடுப்பார்கள். அச்செடுக்கும்போது தொட்டால் வலிக்கிற ஒவ்வோர் இடத்தையும் அவர் வாயால் சொல்ல வேண்டும். வெட்கத்தில் பேசாமலிருந்தால் அந்த இடம்தான் பிறகு புண்ணாகும்.

பொய்க்கால் போட்ட முதல் நாள் 15, 20 நிமிடம் மட்டும், இரு பக்கமும் கம்பி பிடித்து நடக்கட்டும். உடனே கழற்றித் தோலைப் பாருங்கள். சிரட்டைக்குக் கீழே சிவந்திருந்தால் நல்லது, அங்கேதான் பாரம் போக வேண்டும். மேலே சொன்ன மூன்று இடங்களில் சிவந்து, 20 நிமிடத்தில் மறையாவிட்டால் சொக்கெட்டைத் திருத்த வேண்டும். பழகினால் சரிவரும் என்று யார் சொன்னாலும் கேளாதீர்கள். தோல் பழகாது, கிழியும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, சில கிழமைகளில் முழுநாளும் போடலாம்.

முதல் வருடம் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே போகும். காலையில் இறுக்கமாக இருந்த சொக்கெட் மத்தியானம் தளர்ந்து, நடக்கும்போது மேலும் கீழும் ஓடும். அப்போது நுனி அடியில் போய் இடிக்கும். இதற்கு மருந்து, எஞ்சிய காலில் போடும் சொக்ஸ்தான். மெல்லியதும் தடித்ததுமாகத் தருவார்கள், தளரத் தளர ஒன்றைக் கூட்டிப் போட வேண்டும். மூன்று நாலு தடித்த சொக்ஸ் போட்டும் தளர்ந்தால் புதிய சொக்கெட்டுக்கு நேரம் வந்துவிட்டது. முதல் வருடத்துக்குள்ளேயே அது வருவது வழமை, முதல் கால் பழுது என்று நினைக்காதீர்கள். மாறாக நுனி அடியில் தொடாமல் அந்தரத்தில் தொங்கினால், அங்கே தோல் கறுத்து, தடித்து, கரடுமுரடாகும். அதுவும் உடனே நிலையத்துக்குப் போகவேண்டிய அறிகுறி. வளர்ந்தவருக்கு ஒரு கால் மூன்று முதல் ஐந்து வருடம் வரும் என்பது பொதுக் கணக்கு. (சிறுபிள்ளை என்றால் வளர வளர ஆறு மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். எலும்பும் தோலை முந்திக்கொண்டு நுனியில் வளர்ந்து குத்தும்.)

எஞ்சிய காலையும் சொக்ஸையும் கழுவுவது இரவில். காலையில் கழுவி ஈரத்தோடு சொக்கெட்டுக்குள் விட்டால் தோல் ஊறிக் கொப்புளிக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நுரை தங்காமல் அலசி, துடைத்து, காற்றாட விடுங்கள். எண்ணெய், கிரீம், பவுடர் போட்டுக்கொண்டு கால் மாட்டக் கூடாது. முடியைச் சவரம் செய்யவும் கூடாது, மயிர்க்கால்களில் கட்டி வரும்.

செருப்பு விஷயம். பொய்க்கால் பாதத்தின் கணு அசையாது, அல்லது கொஞ்சம்தான் அசையும். எந்தக் குதி உயரத்துக்குக் காலை நேர்ப்படுத்தினார்களோ அந்த உயரத்தில் மட்டும்தான் அது சரியாக நிற்கும். சப்பாத்துக்கென்று நேர்ப்படுத்திய காலோடு வெறுங்காலில் நடந்தால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். உயரக் குதியுள்ள சப்பாத்துப் போட்டால் முன்னுக்கு மடங்கும். நம் ஆட்கள் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் செருப்பைக் கழற்றுகிறவர்கள். ஆகவே வெறுங்காலோடு நடப்பேன், வயலுக்குப் போவேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஜெய்ப்பூர் பாதம் இந்தியாவில் இந்தத் தேவைக்காகவே 1960களின் கடைசியில் பண்டிட் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேதியும் உருவாக்கியது. வெளியே ரப்பர், உள்ளே பஞ்சு ரப்பரும் மரமும். எப்பக்கமும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் வரப்பில் நடக்கவும், ஓரளவு குந்தவும் இயலும், வெறுங்காலோடும் நடக்கலாம். சப்பாத்தோடு நடக்கவென்று செய்த, குதி மட்டும் மெத்தென்றிருக்கும் மற்ற வகைப் பாதம் வெறுங்காலோடு சேற்றில் சீக்கிரம் வெடித்துவிடும்.

வயலில் இறங்க ஏலும். நடவுச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நடப்பது மட்டும் கடினம். சேறு பாதத்தைக் கவ்விப் பிடிக்கும், காலை இழுக்கும்போது பொய்க்கால் சேற்றிலேயே நின்றுவிடும். தொடையைச் சுற்றும் பட்டியோடு இடுப்புப் பட்டியும் சேர்த்துத் தரச் சொன்னால் இது குறையும். அதைவிட வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. உழவும் நடவும் ஆளிடம் விட்டு, வரப்பு வேலை, தண்ணீர் கட்டுதல், மருந்தடித்தல், மேட்டுப்பயிர், மாடு என்பவற்றை அவர் எடுக்கலாம். லாண்ட்மாஸ்டரின் (இரு சில்லுக் கை உழவு இயந்திரம்) பின்னால் உழவில் நடப்பது முதல் வருடம் வேண்டாம். புதிய கால் கிடைத்ததும் பழையதை எறியாமல் வயலுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சேற்றிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சொக்கெட்டின் உள்ளே ஒட்டிய மணலைத் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். ஒரு மணல்மணி போதும், மாலைக்குள் புண்ணாக்கிவிடும். அடுப்பருகே உலர்த்தினால் உள்ளிருக்கும் மெத்தை சுருங்கும். பாதத்தின் ரப்பரில் வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் போனால் மரம் உக்கி, நடக்கும்போது முறியும்.

சைக்கிள் ஓடலாம். வலப்பெடலில் பாதம் நழுவாமல் ஒரு பட்டி, இருக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, இடக்காலைத்தான் தரையில் ஊன்ற வேண்டும். ஓட்டோவில் பிரேக் வலக்காலில் வருவதால் உங்கள் கணவருக்கு அதைக் கைக்கு மாற்றி அமைக்காமல் ஓட்டுவது ஆபத்து. பாதம் பெடலில் இருக்கிறதா இல்லையா என்று பொய்க்காலுக்குத் தெரியாது. மாற்றியமைத்தாலும் மருத்துவச் சான்றிதழும் உரிமமும் முறைப்படி எடுத்தபின்தான்.

வீட்டில் முதலில் மலசலகூடத்தைக் கவனியுங்கள். குந்தும் கக்கூசானால் இரு பக்கமும் ஒன்றரை அங்குல இரும்புக் குழாயைச் சுவரில் பதித்துச் சீமெந்து பூசுங்கள், அல்லது நடுவில் ஓட்டை வெட்டிய உறுதியான கதிரையை மேலே வையுங்கள். வாசலில் படிக்குப் பதில் சரிவு கட்டுவதானால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், குறைத்தால் ஊன்றுகோல் சறுக்கும்.

இல்லாத காலில் வலி என்று அவர் சொன்னால், அது மனப்பிரமையில்லை. விரல் முறுக்குவதுபோல், எரிவதுபோல் வருவது நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உண்மையான வலி. ஆளுயரக் கண்ணாடியொன்றைக் கால்களுக்கிடையே நெடுக்காக, இடக்காலின் பிம்பம் வலக்காலின் இடத்தில் தெரியும்படி வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே இடப்பாதத்தை மெல்ல அசைப்பது பலருக்கு வலியைத் தணிக்கிறது. நாளைக்கு 15 நிமிடம், நாலு கிழமையாவது. நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குச் சரிவராது. வேறு மாதிரி, ஒரே புள்ளியில் தொட்டால் மின்சாரம்போல் அடித்தால், அது வெட்டிய நரம்பின் முனையில் வந்த முடிச்சாக இருக்கலாம். அதற்குச் சொக்கெட்டை அந்த இடத்தில் குடைவதோ, ஊசியோ, சத்திரசிகிச்சையோ வேண்டிவரும்.

கதைக்காமல் இருப்பதைப் பற்றி நீங்கள் கடைசியாக, ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது கடைசி இல்லை. முதல் சில கிழமை மௌனம், அழுகை, வெடிச்சத்தக் கனவு எல்லாம் வரும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, பிள்ளைகளைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை, குடிக்கத் தொடங்கிவிட்டார், செத்திருக்கலாம் என்கிறார் என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாகும் பேச்சு வந்தால் ஒரு மாதம் பொறுக்காமல் அன்றைக்கே. எங்கள் ஊர்களில் இதே காயத்தோடு பல வருடமாக உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி ஒருவரைச் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டியபடி வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வைத்தியரும் நானும் நீங்களும் பத்துத் தரம் சொல்வதைவிட அவரைப் பார்ப்பது பெரிது. இன்னொன்றும் உண்டு, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மிதிவெடியில் ஆணுறுப்புப் பகுதியிலும் காயம் படுவதுண்டு. அந்தப் பயத்தை ஆண்கள் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். கிளினிக்கில் வைத்தியரைத் தனியே சந்திக்க வழிசெய்து கொடுத்து, நீங்கள் வெளியே நில்லுங்கள்.

உதவிப் பணத்துக்குக் கிராம சேவகரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கும் தொழில் உதவிக்கும் அங்கேதான் விண்ணப்பம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறையைக் காரணம் காட்டி வேலைக்கோ படிப்புக்கோ மறுக்கக் கூடாது என்கிறது. அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்க வேண்டுமென்ற சுற்றறிக்கை 1988 முதல் இருக்கிறது. நடைமுறையில் கேட்டு நிற்பவருக்குத்தான் கிடைக்கும். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் உதவ வேண்டும் என்பதும் அதில் உள்ள கடமை. ஆகவே பிச்சை கேட்பதுபோல் அந்த மேசைக்கு முன்னால் நிற்கத் தேவையில்லை.

அவர் காயப்பட்ட இடத்தை இதுவரை யாரும் பதிந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மிதிவெடி இருந்த இடத்தில் வரிசையாகப் பல இருக்கும். அயலார் இன்றும் அங்கே விறகுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கிராம சேவகரிடமும் பொலிஸிலும் சொல்லி, கிளிநொச்சியிலுள்ள பிராந்திய கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்துக்குத் தகவல் போகச் செய்யுங்கள். இடம் காட்ட யாரும் காட்டுக்குள் போக வேண்டாம். அவர் எந்தப் பாதையால் போனார், எந்த மரத்தடி என்று வீட்டிலிருந்தே சொன்னால் போதும், மிச்சத்தை மிதிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.